இந்தத் தொடரில் செத்தவர்கள் செத்தே இருக்க மாட்டார்களா?

அண்ணன் தம்பி இருவர் பேய் வேட்டையாடும் 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொடரில் யாராவது செத்தால் இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. மூன்றாம் சீசன் முடிவில் நரக நாய்கள் அண்ணன் டீனைக் குதறிக் கொன்றபோது எனக்குத் தூக்கமே போனது. யார் மீட்பார், எப்படி மீட்பார் என்று மண்டையைக் குடைந்து விதவிதமாக யூகித்து வைத்தால், அடுத்த சீசன் முதல் எபிசோடிலேயே சவப்பெட்டியை உடைத்துக்கொண்டு எழுந்து வருகிறான், தோளில் மீட்டவரின் கைத்தடத்தோடு. சரி, அது அருமையான காட்சிதான். அதற்காக எல்லாருக்குமா? தேவதூதர் காஸ்டியல் எத்தனை தடவைதான் செத்துப் பிழைப்பார்! சகோதரர்களுக்கு அப்பா மாதிரியான பாபி செத்தபின் ஆவியாக வந்ததையாவது பேய்த்தொடர் நியாயம் என்று விட்டுவிடலாம். எலும்பில் உப்பைத் தூவி எரித்தால் பேய் ஒழியும் என்று பேய்களுக்கு மட்டும் கறாராக விதி வைத்துவிட்டு, கதாநாயகர்களுக்கு ஒன்றுமே கிடையாது என்றால் நான் எதை வைத்து ஐயா யூகிப்பது?