பிழியாமல் விட்டது காலிஃபிளவரின் குற்றமா?

மூன்று நாளாக எல்லார் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பீட்சா வீடியோவைப் பற்றித்தான், கோதுமை மாவுக்குப் பதில் காலிஃபிளவரிலேயே பீட்சாவின் அடித்தட்டைச் செய்கிறாரே, அது. யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தட்டிலிருந்து தூக்கும்போது நடுவில் கூழாகத் தொங்கி, சீஸோடு சேர்ந்து பொத்தென்று விழுகிறதே, அதே வீடியோ. "ஹெல்த்தி பீட்சா எல்லாமே ஏமாத்து வேலை" என்று தீர்ப்பும் கொடுத்தாயிற்று. கீழே சிரிப்புக் குறிகள் குவிந்து கிடக்கின்றன.

அதை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். காலிஃபிளவரைப் பச்சையாக மிக்ஸியில் அடிக்கிறார். அதிலேயே முட்டையை உடைத்து ஊற்றுகிறார். நேராக ஓவன். வேக வைக்கவில்லை, ஆற வைக்கவில்லை, பிழியவில்லை. பிழியவே இல்லை! அதற்கப்புறம் அது விழாமல் என்ன செய்யும்?

காலிஃபிளவரின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தண்ணீர். கோதுமை மாவு என்றால் அதிலிருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் வலை மாதிரி பின்னிக்கொண்டு எல்லாவற்றையும் பிடித்து வைக்கும். இங்கே அது கிடையாது. பிடிமானம் முட்டையும் சீஸும் மட்டும்தான். தண்ணீர் நிற்கிற வரை மாவின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாத வரை சிவக்காது. ஓவனை எவ்வளவு கூட்டினாலும் ஓரம் கருகும், நடு வேகாது. அவர் வீடியோவில் நடந்ததும் இதேதான்.

சரியாகச் செய்வது இப்படி. 700 கிராம் காலிஃபிளவர் பூ, தண்டு நீக்கியது. மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி அரிசி அளவுக்கு உடையுங்கள், விழுதாக்கிவிடாதீர்கள். ஆவியில் 5 அல்லது 6 நிமிடம். பிறகு அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆற விடுங்கள். சூடாக இருந்தால் கையால் பிழியவும் முடியாது, முட்டையும் அதிலேயே வெந்து திரிந்துவிடும். ஆறியதும் மெல்லிய பருத்தித் துணியில் கட்டி முறுக்குங்கள். முதலில் தண்ணீர் கொட்டும், பிறகு சொட்டும், பிறகு நின்றுவிடும். நின்றதும் முடிந்தது என்று விடக்கூடாது. துணியைப் பிரித்து, உள்ளே இருப்பதை உதிர்த்துவிட்டு, மறுபடி கட்டி முறுக்கினால் இன்னும் வரும். எடை ஏறக்குறைய பாதியாக இறங்கியிருக்க வேண்டும். தராசு இருந்தால் போட்டுப் பாருங்கள்.

அதோடு 1 முட்டை, துருவிய சீஸ் 60 கிராம், பாதாம் மாவு 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு சேர்ந்ததும் மிச்சத் தண்ணீரை வெளியே இழுக்கும். அதனால் கலந்த கையோடு பரப்பிவிடுங்கள். பேக்கிங் பேப்பர் மேல் 5 மில்லிமீட்டர் கனம், ஓரம் மட்டும் கொஞ்சம் தடிப்பாக. மெழுகு பூசிய பேப்பர் வேண்டாம், சூட்டில் மெழுகு உருகி ஒட்டிக்கொள்ளும். 220 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், நடுப்பகுதியும் பொன்னிறமாகும் வரை. இன்னொரு பேப்பரை மேலே வைத்துக் கவிழ்த்து மறுபக்கம் 5 நிமிடம். இதற்குப் பிறகுதான் டாப்பிங். அதுவும் கெட்டியாகச் சுண்டவைத்த சாஸ், 3 மேசைக்கரண்டி போதும். காளானைத் தனியாக வதக்கித் தண்ணீர் வற்றியபின் போடுங்கள், தக்காளியின் விதையை எடுத்துவிடுங்கள். தண்ணீரில் மிதந்து வரும் ஃப்ரெஷ் மொசரெல்லா இதற்கு ஆகாது. மறுபடி 7, 8 நிமிடம். வெளியே எடுத்ததும் கம்பி வலை மேல் வையுங்கள். தட்டிலேயே விட்டால் அடியில் ஆவி தங்கி, கஷ்டப்பட்டு வரவழைத்த மொறுமொறுப்பு போய்விடும்.

இதைச் சுருக்கி அந்த வீடியோவின் கீழே நாலு வரியில் எழுதினேன். மரியாதையாகத்தான். "வந்துட்டாங்க கிச்சன் போலீஸ்" என்று பதில். அதற்கும் சிரிப்பு. வருத்தமாகத்தான் இருந்தது.

"இவ்வளவு வேலைக்கு சாதாரண பீட்சாவே சாப்பிடலாமே" என்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், யாரும் கையைப் பிடிக்கவில்லை. "இது பீட்சாவே இல்லை" என்பவர்களுக்கும் அதே பதில்தான்.

"சீஸ் இவ்வளவு போட்டால் எங்கே ஹெல்த்தி?" என்ற கேள்வி மட்டும் நியாயமானது. 100 கிராம் மொசரெல்லாவில் சுமார் 300 கலோரி. பாதாம் மாவில் சுமார் 600, எடையில் பாதி கொழுப்பு. காலிஃபிளவர் 25தான். பிழியச் சோம்பல்பட்டு, இறுகுவதற்காக சீஸையும் பாதாம் மாவையும் அள்ளிக் கொட்டினால் கோதுமை பீட்சாவை விட அதிகக் கலோரியில் போய் நிற்கும். அங்கேயும் பிரச்சினை தண்ணீர்தான். நன்றாகப் பிழிந்தால் 60 கிராம் சீஸ் போதும், பிழியாவிட்டால் 200 கிராமும் போதாது. கடையில் விற்கும் காலிஃபிளவர் பேஸ் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் அரிசி மாவும் ஸ்டார்ச்சும் சேர்ந்திருக்கும்.

பிழிய நேரமே இல்லை என்றால் கடலை மாவுக்குப் போங்கள். 1 கப் மாவு, முக்கால் முதல் 1 கப் தண்ணீர், 1 மேசைக்கரண்டி எண்ணெய், உப்பு. அரை மணி நேரம் ஊற வேண்டும், இல்லாவிட்டால் மாவு நறநறக்கும், பச்சை வாடையும் கசப்பும் நிற்கும். ஓவனிலேயே நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் ஊற்றி 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 5. அதற்குப் பிறகு டாப்பிங். 100 கிராம் மாவில் புரதம் சுமார் 22 கிராம். ஆனால் மாவுச்சத்தும் 58 கிராம் அளவுக்கு இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் "கோதுமை இல்லையே" என்று முழுதாகச் சாப்பிடக்கூடாது.

எனக்குக் கோபம் பீட்சாவுக்காக மட்டும் இல்லை. சீலியாக் நோய் (க்ளூட்டன் சேர்ந்தாலே குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ள குழந்தைக்குக் கோதுமை ஒரு துளியும் ஆகாது. அதற்கு மருந்தென்று இருப்பது வாழ்நாள் முழுக்க க்ளூட்டனை விலக்குவதுதான். மற்ற பிள்ளைகள் பீட்சா சாப்பிடும்போது அந்தக் குழந்தையின் தட்டில் எதையாவது வைக்க ஒரு தாய் வழி தேடுகிறாள். அவள் கண்ணில் முதலில் படுவது இந்த வீடியோ. "ஏமாத்து வேலை" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவாள். பிழிந்தால் வரும் என்று அங்கே யார் அவளுக்குச் சொன்னது? சொன்னவரைத்தான் போலீஸ் என்று விரட்டினீர்களே.

(அந்தத் தாய்க்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோதுமை பிசைந்த பலகை, பழைய சல்லடை, பொது மாவு டப்பா எதையும் இதற்குத் தொடாதீர்கள். கடலை மாவு வாங்கினால் க்ளூட்டன் இல்லை என்று உறையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.)

முட்டை வேண்டாம் என்று கேட்டவர்களுக்கு: ஆளி விதைப் பொடி 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, 10 நிமிடம் ஊறல். முட்டை மாதிரி சூட்டில் இறுகாது என்பதால் தண்ணீரை உறிஞ்சி இறுகும் இசப்கோல் உமி 2 தேக்கரண்டி கூடச் சேருங்கள், அளவையும் சின்னச் சின்ன வட்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாகப் போட்டால் திருப்பும்போது உடையும்.

செய்து பார்த்து வராவிட்டால் படத்தோடு கேளுங்கள். பிழியும் முன் எடை எவ்வளவு, பிழிந்தபின் எவ்வளவு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று நாலையும் எழுதுங்கள். எத்தனை பேர் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.