அனஸ் எடத்தொடிகா பற்றிய ஒரு திருத்தம்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் பயிற்சி பெறும் கால்பந்துத் தடுப்பாட்டக்காரப் பையன்களுக்கு அறிவுரையாக, "அனஸ் எடத்தொடிகாவை எந்தக் கிளப்பும் நிலையாக வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் ஊர் ஊராக மாறினார்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறான முடிவு.

கேரளத்தின் மலப்புறத்தைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரரான அனஸ், மும்பை எஃப்.சி., புனே எஃப்.சி. ஆகிய இரண்டு கிளப்புகளிலும் தலா நான்காண்டு அளவில் ஆடியவர். மாற்றங்கள் பெருகியது அதன் பிறகே. அப்போது இந்தியாவில் இரண்டு தனித்தனி கால்பந்து லீக்குகள் இருந்தன; ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆண்டின் கடைசி மூன்று மாதங்களிலும், ஐ-லீக் ஜனவரி தொடங்கியும் நடந்ததால், ஒரே ஆட்டக்காரர் 2016 இறுதியில் ஐ.எஸ்.எல். அணியான டெல்லி டைனமோசுக்கும் அடுத்த சில வாரங்களில் ஐ-லீக் அணியான மோகன் பகானுக்கும் ஆடுவது வழக்கமான ஏற்பாடாகவே இருந்தது. வேண்டாதவர் என்றால், அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களை எடுக்கும் ஐ.எஸ்.எல். தேர்வு 2017 ஜூலையில் நடந்தபோது, ஜாம்ஷெட்பூர் அணி 1.10 கோடி ரூபாய்க்கு அவரை முதல் ஆளாக எடுத்திருக்குமா?

இந்திய அணிக்கு அவர் முதலில் ஆடியது 2017 மார்ச்சில், கம்போடியாவுக்கு எதிராக, முப்பது வயதில். 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுடனான ஆட்டத்தில் காயம்பட்டு நான்காவது நிமிடத்திலேயே அவர் வெளியேற நேர்ந்தது. மறுநாளே சர்வதேச ஓய்வை அறிவித்தார். எனக்கு இன்றும் வருத்தம் தரும் ஆட்டம் அது.

பையன்களிடம் கிளப்புகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லாமல், அந்த ஆண்டுகளின் லீக் அட்டவணையையும் சேர்த்துச் சொல்லுமாறு நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன்.