அடுப்படியில் எடுக்குமா?

சிம் விற்பவர்: எங்கள் சிக்னல் எங்கெல்லாம் கிடைக்கும் என்று காட்டும் படத்தைப் பாருங்கள், ஆச்சி. கானாடுகாத்தான் முழுவதும் நீலமாக இருக்கிறது, ஓரிடத்தில்கூட வெள்ளை இல்லை. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு இதில் கட்டைவிரலை வைத்தீர்களானால், எண் மாறாமல் எங்கள் நிறுவனத்துக்கு வந்துவிடலாம்.

ஆச்சி: ஊர் நீலமாக இருப்பது இருக்கட்டும், தம்பி. எங்கள் அடுப்படி என்ன நிறம்?

சிம் விற்பவர்: அடுப்படியெல்லாம் தனியாகக் காட்டாது, ஆச்சி. தெரு வரைக்கும் காட்டும்.

ஆச்சி: நான் தெருவில் சமைப்பதில்லையே. முகப்பைத் தாண்டி, முற்றமுள்ள வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டையும் தாண்டினால்தான் அடுப்படி வரும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து, யானை சாய்ந்தாலும் அசையாதபடி அந்தக் காலத்தில் எழுப்பிய சுவர்கள். படம் வரைந்தவர் அவற்றைக் கணக்கில் சேர்த்தாரா?

சிம் விற்பவர்: சந்தேகமே வேண்டாம். என் கைப்பேசியைப் பாருங்கள், நான்கு கோடும் நிற்கிறது, பக்கத்தில் 5ஜி என்றும் போட்டிருக்கிறது.

ஆச்சி: பேருந்து நிலைய வாசலில் நீ விரித்திருக்கும் குடைக்குக் கீழே எல்லா நிறுவனமும் நன்றாகத்தான் எடுக்கிறது. குடைக்குச் சுவர் கிடையாதே.

(பேருந்து நிலைய வாசலில் சிக்னல் கிடைக்காத நிறுவனத்தை இதை எழுதுபவன் இதுவரை கண்டதில்லை.)

சிம் விற்பவர்: நிறுவனமே அதிகாரபூர்வமாக வெளியிட்ட படம், ஆச்சி.

ஆச்சி: ஆசைப்பட்டா வெளியிட்டார்கள்? 2ஜி, 4ஜி, 5ஜி என்று தனித்தனியாகப் படம் போட்டு 2025 ஏப்ரல் 1-க்குள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டளையிட்டது, அதனால் வைத்தார்கள். பேத்தியை உட்கார வைத்து எல்லாருடைய படத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஒருவர் விடாமல் எங்கள் ஊருக்கு வெள்ளையடித்து வண்ணமும் பூசியிருக்கிறார்கள். கட்டடம், நிலப்பரப்பு, கைப்பேசி ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடலாம் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதே, அதைப் படித்தாயா?

சிம் விற்பவர்: அதை யாரும் படிப்பதில்லை, ஆச்சி.

ஆச்சி: படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே பொடியாக எழுதுகிறார்கள். போகட்டும், எண்ணுக்கு வருவோம். இப்போது நான் வைத்திருக்கும் சிம்மில், வளவில் நின்றால் சிக்னல் மைனஸ் 85, அடுப்படிக்குள் போனால் மைனஸ் 115. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் தேடி எடுத்துப் பேத்தி குறித்துக் கொடுத்தாள். உங்கள் சிம்மைப் போட்டால் அதே அடுப்படியில் எவ்வளவு காட்டும்?

சிம் விற்பவர்: அவர்களே 115 தருகிறார்களா? எங்களுடையதில் 130-க்குக் குறையாது, ஆச்சி. அதிர்ஷ்டம் இருந்தால் 140-கூட வரும்.

ஆச்சி: தம்பி, 85 ரூபாய் கடன்பட்டவனைவிட 140 ரூபாய் கடன்பட்டவன் வசதியானவனா? மைனஸில் பத்து இறங்கினால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது, முப்பது இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போதே ஆயிரத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன், நீ அதையும் பிடுங்கப் பார்க்கிறாய்.

சிம் விற்பவர்: அந்தக் குறையெல்லாம் 5ஜியில் தீர்ந்துவிடும்.

ஆச்சி: எந்த 5ஜி? 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிற அலை வேகமானதுதான், ஆனால் எங்கள் சுவரைக் கண்டதும் உட்கார்ந்துவிடும். 700, 900 என்று தாழ்வாகப் போகிற அலைதான் தொலைவும் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். எங்கள் ஊர் டவரில் நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

சிம் விற்பவர்: டவர் நல்ல உயரம், ஆச்சி.

ஆச்சி: உயரத்தையா கேட்டேன்?

சிம் விற்பவர்: இல்லையென்றால், வீட்டில் வைஃபை போட்டு அதன் வழியாகவே பேசிக்கொள்ளலாம். அந்த வசதியும் எங்களிடம் உண்டு.

ஆச்சி: உங்களுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, உங்கள் சிக்னல் உள்ளே வராததால் இன்னொருவருக்கும் பணம் கட்ட வேண்டுமா?

சிம் விற்பவர்: பேச்சு வந்தால் வளவுக்கு வந்து பேசிக்கொள்ளக் கூடாதா, ஆச்சி? ஊரே அப்படித்தான் பேசுகிறது.

ஆச்சி: அரட்டைக்காக என்றால் நடந்தே வருவேன். சிலிண்டர்காரர் தோளில் சுமந்துவந்து அடுப்படியில் இறக்கி வைத்துவிட்டு, 'கைப்பேசிக்கு வந்த குறியீட்டு எண்ணைச் சொல்லுங்கள்' என்கிறார். அது அடுப்படிக்கு வராது. முட்டி வலியோடு நான் வளவுக்கு வந்து, கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்று, வந்த எண்ணை மறந்துவிடாமல் முணுமுணுத்தபடி திரும்பிப் போவதற்குள், அவர் வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருப்பார். வங்கியில் பணம் எடுக்க ஒரு எண், எரிவாயுவுக்கு ஒரு எண், முதியோர் ஓய்வூதியத்துக்கு ஒரு எண் என்று எல்லாவற்றையும் கைப்பேசிக்கு அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அது வீட்டுக்குள் எடுக்கிறதா என்று வந்து பார்க்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

சிம் விற்பவர்: முதலில் மாறிப் பாருங்கள், ஆச்சி. பிடிக்கவில்லையென்றால் திரும்பிவிடலாம்.

ஆச்சி: 90 நாள் கழியாமல் எப்படித் திரும்புவது? அதுவரை சிலிண்டர்காரரை வளவிலேயே தங்கவைக்கவா? ஒன்று செய். உன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்கு வந்து ஐந்து நிமிடம் நில், காப்பி தருகிறேன். எடுத்தால் அங்கேயே கட்டைவிரலை வைக்கிறேன்.

சிம் விற்பவர்: குடையை விட்டு எப்படி வருவது, ஆச்சி? மாலைக்குள் சொன்ன கணக்கை முடிக்காவிட்டால் மேலாளர் கூப்பிட்டுவிடுவார்.

ஆச்சி: எந்த எண்ணில் கூப்பிடுவார்? இந்த நான்கு கோட்டுக் கைப்பேசியிலா?

சிம் விற்பவர்: இது நிறுவனம் கொடுத்தது, மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் சொந்த எண் வேறு.

ஆச்சி: சொந்த எண் எந்த நிறுவனம்?

சிம் விற்பவர்: அது வந்து... பழைய எண், ஆச்சி. எங்கள் வீட்டுக்குள் இந்தச் சிம் அவ்வளவாக எடுக்காது.

ஆச்சி: அதை எங்கே விற்கிறார்கள்?

சிம் விற்பவர்: எதிர்ச்சாரியில், மஞ்சள் குடை. என் மைத்துனன்தான் உட்கார்ந்திருக்கிறான், நான் அனுப்பியதாகச் சொல்லுங்கள்.

ஆச்சி: சொல்கிறேன். அவனையும் காப்பிக்குக் கூப்பிடுகிறேன்.