எத்தனை எம்எம் என்பது கடைசிக் கேள்வி

கவச வண்டிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நம்ம ஆட்கள் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை எம்எம்?" என்பதுதான். 25 என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். 30 என்றால் பரவாயில்லை. 40 என்றால் கண் விரியும். பெரிய டாங்கிகளை விடுங்கள், காலாட்படையை ஏற்றிச் செல்லும் வண்டிகள், முன்னால் போய் வேவு பார்க்கும் வண்டிகள் ஆகியவற்றின் தலையில் சுழலும் டரட்டை, அதாவது பீரங்கி பொருத்திய கூண்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அங்கே குழலின் விட்டத்தைப் பார்த்து மார்க் போடுவது சுத்த வீண் என்பது என் கட்சி. ஆட்கள் எங்கே உட்காருகிறார்கள், யாருக்கு என்ன தெரிகிறது, குண்டு எந்த வழியாக ஏறுகிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் நான் எம்எம் பக்கமே போவேன்.

பிரிட்டனின் வாரியர் என்ற ஆள் ஏற்றும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது 30 எம்எம் ராடன் பீரங்கி. மூன்று மூன்று குண்டாகக் கிளிப்பில் வைத்துக் கையால் ஊட்ட வேண்டும். வண்டி குலுங்கினாலும் குழலை ஆடாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது, அதனால் ஓடிக்கொண்டே குறி வைப்பது நடக்காத காரியம். அதே எண்பதுகளில் அமெரிக்கா களமிறக்கிய பிராட்லியில் 25 எம்எம்தான். ஆனால் அந்த புஷ்மாஸ்டர் பீரங்கியை இயக்குவது ஒரு மின் மோட்டாரும் சங்கிலியும். ஒரு குண்டு வெடிக்காமல் ஏமாற்றினாலும் மோட்டார் பாட்டுக்கு அதை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றிவிடும். கவசம் துளைக்கும் குண்டு ஒரு பாதையில், வெடிக்கும் குண்டு இன்னொரு பாதையில், மொத்தம் 300 எப்போதும் தயார். ஸ்டெபிலைசரும் உண்டு. எம்எம் கணக்குப்படி வாரியர்தான் ஜெயிக்க வேண்டும், எனக்குக் கொடுத்தால் நான் பிராட்லியில்தான் ஏறுவேன். வாரியருக்குப் புது டரட்டும் 40 எம்எம் பீரங்கியும் பொருத்தப் பல வருஷம் முயன்றுவிட்டு 2021 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே பிரிட்டன் ரத்து செய்தது.

இருக்கை விஷயத்தில் எனக்குப் பிடித்த பாடம் ரஷ்யாவுடையது. பிஎம்பி-1 வண்டியில் கமாண்டரின் இடம் டிரைவருக்குப் பின்னால், வண்டியின் உடலுக்குள். டரட்டில் கன்னர், அதாவது பீரங்கியைச் சுடுபவர், மட்டும் தனியாக. கமாண்டர் பின்னால் திரும்பிப் பார்த்தால் டரட்தான் மறைக்கும். கட்டளை இடுபவனுக்குப் பாதி உலகம் தெரியாது. பிஎம்பி-2வில் இதைத் திருத்தினார்கள். டரட்டை அகலமாக்கி கமாண்டரையும் மேலே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அதற்கு விலை, பின்னால் உட்கார்ந்திருந்த எட்டு சிப்பாய்களில் ஒருவர் குறைந்து ஏழானது. ஒரு துப்பாக்கிக்காரனை விட்டுக்கொடுத்து ஒரு ஜோடிக் கண்ணை வாங்கினார்கள். சரியான வியாபாரம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இப்போது காற்று நேர் எதிர்த் திசையில் வீசுகிறது. டரட்டில் ஆளே வேண்டாம் என்கிறார்கள். ஜெர்மனியின் பூமாவில் கமாண்டரும் கன்னரும் வண்டியின் உடலுக்குள் கீழே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மேலே 30 எம்எம் பீரங்கி, கேமராக்கள், குண்டுப் பெட்டி மட்டும். யோசித்தால் நியாயமாகத்தான் படும். மேட்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் வண்டியில் எதிரிக்கு முதலில் தெரிவதும் அடி வாங்குவதும் டரட்தான். அங்கே இரண்டு பேர் இருந்தால் அவர்களைக் காக்க டன் கணக்கில் எஃகு போட வேண்டும். ஆள் இல்லையென்றால் மெல்லிய தோல் போதும், மிச்சப்பட்ட எடையைக் கீழே மனிதர்களைச் சுற்றிப் போடலாம்.

எடை குறையும், இடம் மிச்சமாகும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டாம். பூமா முழுக் கவசம் போட்டால் 43 டன், பின்னால் ஆறு பேர்தான். கவசத்தைக் கழற்றி ஏ400எம் ராணுவச் சரக்கு விமானத்தில் ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனை அந்த வண்டியின் உடலைப் போட்டு இறுக்கிவிட்டது. இடம் உண்மையிலேயே மிச்சமானதைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் ஸ்ட்ரைக்கர் டிராகூனைப் பாருங்கள். 2014இல் உக்ரைனில் ரஷ்யா செய்ததைப் பார்த்து, ஜெர்மனியின் வில்செக்கில் இருக்கும் அமெரிக்காவின் 2ஆவது குதிரைப்படை ரெஜிமென்ட், எங்களிடம் இருக்கும் மெஷின்கன் போதாது என்று அவசரமாகக் கேட்டது. நார்வேயின் கோங்ஸ்பெர்க் செய்த ஆளில்லா 30 எம்எம் டரட்டை வண்டியின் கூரை மேல் வைத்தார்கள். டரட்டின் அடியில் தொங்கும் கூடை வண்டிக்குள் இறங்காததால் பின்னால் ஒன்பது பேரும் அப்படியே உட்கார முடிந்தது. எட்டு சக்கர வண்டிக்கு இது பெரிய வரம். பிறகு 2021இல் மற்ற ஸ்ட்ரைக்கர்களுக்காக நடந்த போட்டியில் இஸ்ரேலின் ரஃபேல் டரட்டோடு வந்த ஆஷ்காஷ் நிறுவனம் ஜெயித்தது. அதுவும் ஆளில்லாததுதான்.

என் சந்தேகம் கண்ணில்தான் ஆரம்பிக்கிறது. ஆள் கீழே இறங்கிவிட்டால் அவன் பார்ப்பதெல்லாம் திரையில்தான். கேமரா செத்தால் அவனும் குருடன். 2024 ஜனவரியில் அவ்தீவ்கா அருகே ஸ்டெபோவே கிராமத்தில் நடந்ததை வீடியோவில் பலரும் பார்த்திருப்பீர்கள். உக்ரைனின் இரண்டு பிராட்லிகள் ரஷ்யாவின் ஒரு டி-90எம் டாங்கியை மிக அருகில் வைத்து 25 எம்எம்மால் விளாசின. அந்தக் குண்டு டி-90எம்மின் முன்கவசத்தைத் துளைக்க வழியே இல்லை. ஆனால் வெளியே இருந்த பார்வைக் கருவிகளை அது விட்டுவைக்குமா? கொஞ்ச நேரத்தில் டாங்கியின் டரட் யார் பேச்சும் கேட்காமல் சுற்ற ஆரம்பித்தது. கவசம் தடித்த ஒரு முழு டாங்கிக்கே இந்த கதி. மெல்லிய தோலோடு எல்லாக் கண்களையும் தலைமேல் சுமந்து திரியும் ஆளில்லா டரட்டுக்கு இதே அடி விழுந்தால் என்னாகும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அடியே வேண்டாம், காரின் ரிவர்ஸ் கேமராவில் சேறு அப்பினால் என்ன செய்வோம், இறங்கித் துடைப்போம். அங்கே இறங்குவது யார்?

2022 டிசம்பரில் ஜெர்மனியில் நேட்டோவின் விரைவுப் படைக்காகப் பயிற்சி எடுத்த 18 பூமாக்களில் பதினெட்டுமே படுத்துக்கொண்டன. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன, பாதுகாப்பு அமைச்சர் புது ஆர்டரையே நிறுத்தி வைத்தார். பிறகு பார்த்தால் பெரும்பாலும் சின்னச் சின்னக் கோளாறுகள்தான். பூமாவைக் குப்பை என்று சொல்ல இதை எடுக்கவில்லை. ஆள் உட்காரும் டரட்டில் சின்னக் கோளாறு வந்தால் கன்னர் கையை நீட்டி சிக்கிய குண்டை எடுப்பான், கைப்பிடியைச் சுற்றி டரட்டைத் திருப்புவான். ஆளில்லா டரட்டில் அந்தக் கை எட்டாது. சின்னது பெரிதாகிறது. அப்புறம் கணினி வழியாகவே எல்லாம் நடப்பதால் இன்னொரு வாசலும் திறக்கிறது. டிராகூனின் சில திறன்களை இணைய வழித் தாக்குதலால் மட்டுப்படுத்த முடிந்தது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகத்தின் சோதனைப் பிரிவே எழுதியிருக்கிறது.

அதனால் ஆள் உட்காரும் டரட்டே மேல் என்கிறாயா என்றால், வண்டியின் வேலையைப் பொறுத்தது என்பேன். வேவு வண்டிக்கு ஆள் மேலே இருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேவு பார்க்கிறவன் ஹாட்ச்சை, அதாவது மேல்மூடியைத் திறந்து தலையை நீட்ட வேண்டும், எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுக்க வேண்டும். பிரான்ஸ் தன் ஜாகுவார் வேவு வண்டிக்கு இரண்டு பேர் உட்காரும் டரட்டைத்தான் வைத்தது. அதன் 40 எம்எம் பீரங்கியை நான் மதிப்பது எம்எம்முக்காக இல்லை, அடக்கத்துக்காக. குண்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. மொத்தமும் உருளையான உறைக்குள் புதைந்திருக்கும், சுழலும் அறை அதைப் பக்கவாட்டில் வாங்கி நேராக்கிச் சுடும். பீரங்கி உள்ளே அடைக்கும் இடம் வெகுவாகக் குறைவதால்தான் இரண்டு பேர் நிம்மதியாக உட்கார முடிகிறது. ஆஸ்திரேலியாவும் 2018இல் வேவு வேலைக்கு போக்சரைத் தேர்ந்தபோது ஆள் உட்காரும் லான்ஸ் டரட்டைத்தான் வாங்கியது.

சிப்பாய்களை ஏற்றும் வண்டிக்கு ஆளில்லாதது என்பது என் சாய்வு. இதற்கு எதிராக யாராவது 2023இல் அதே ஆஸ்திரேலியா தேர்ந்தெடுத்த கொரியாவின் ரெட்பேக்கைக் காட்டலாம். ஆள் ஏற்றும் வண்டி, டரட்டிலும் இரண்டு பேர். உண்மைதான். ஆனால் அது 40 டன்னைத் தாண்டிய பூதம். பாலமும் மலைச்சாலையும் தாங்கும் நாட்டுக்குச் சரி.

மலை என்றதும் குழலின் சாய்வுக் கோணம் நினைவுக்கு வருகிறது, யாரும் கண்டுகொள்ளாத விஷயம். பிஎம்பி-2வின் குழல் 74 டிகிரி வரை மேலே நிமிரும். பள்ளத்தாக்கில் நின்று உச்சியில் இருப்பவனைச் சுட வேண்டுமென்றால் அது வேண்டும். கீழ்நோக்கி ஐந்து டிகிரிதான் என்பது அதன் குறை. பிராட்லி கீழே ஏறக்குறைய பத்து வரை தாழும், மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு சுடலாம். இன்று மேலிருந்து ட்ரோன் வருகிறது, நிமிர்வு மறுபடியும் உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. பூமாவின் பீரங்கி குழல்வாயைத் தாண்டும்போதே குண்டுக்கு எப்போது வெடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பும், இலக்குக்கு முன்னால் வெடித்து டங்ஸ்டன் துகள்களைத் தூவும். ட்ரோனுக்கு எதிராக நான் கேட்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஆவடியில் இருக்கும் டிஆர்டிஓவின் போர் வண்டி ஆய்வகமான சிவிஆர்டிஇ, எல்&டியோடு சேர்ந்து உருவாக்கிய சோராவர் 25 டன் இலகு டாங்கி. லடாக் மோதலுக்குப் பிறகு பிறந்தது. அதன் தலையில் இருப்பது பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் செய்த 105 எம்எம் டரட். எல்லோரும் 105 என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த டரட்டின் குழல் 42 டிகிரி நிமிரும், நம் டி-72 நிமிர்வது 14 வரைதான். லடாக்குக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள், குறி தப்பவில்லை என்று அறிவிப்பு வந்தது. டரட் மட்டும் வெளியூர்ச் சரக்கு என்பது எனக்கு உறுத்தல்தான். ஆனால் அவசரத்துக்கு நல்ல பொருளை வாங்கிப் பொருத்தியதில் தப்பு காணவில்லை.

மேடக் தொழிற்சாலையில் எண்பதுகளிலிருந்து செய்துவரும் நம் பிஎம்பி-2களுக்கு மாற்று வண்டி பல வருஷமாகப் பேச்சிலேயே நிற்கிறது. அது வரும்போது ஆளில்லா டரட்டாக இருக்கட்டும். ஆனால் கன்னர் வெளியே ஏறாமல் உள்ளிருந்தே குண்டு ஏற்றவும் சிக்கலை எடுக்கவும் முடிய வேண்டும். கமாண்டருக்கும் கன்னருக்கும் தனித்தனிப் பார்வைக் கருவி வேண்டும், ஒன்று உடைந்தால் மற்றது பீரங்கியை இயக்க வேண்டும். கமாண்டர் தலையை வெளியே நீட்ட ஒரு ஹாட்ச்சும் கட்டாயம். இவற்றைக் கொடுக்கிறவன் 30 எம்எம்மோடு வந்தால் போதும், 40 எனக்கு வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரியில் (கவச வண்டிக் காலாட்படை) இருந்த அண்ணன்கள் சிலர் உண்டு என்று தெரியும். பிஎம்பி-2 டரட்டில் உட்கார்ந்து சுட்டவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்: தொடர்ந்து சுடும்போது உள்ளே புகை மண்டும் என்று படித்தது எவ்வளவு உண்மை? கமாண்டர் ஹாட்ச்சை மூடிக்கொண்டு ஓட்டியது அதிகமா, தலையை வெளியே நீட்டி ஓட்டியது அதிகமா?