கடைக்கு அடங்கல் கிடையாது

மழையில் நெல் சாய்ந்தால் எங்கள் ஊரில் வி.ஏ.ஓ. வருவார். எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதி வைக்கிற அடங்கல் கணக்கு அவரிடம் இருக்கும். வேளாண்மைத் துறையிலிருந்தும் ஆள் வரும். வயலில் இறங்கிப் பார்ப்பார்கள். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் நிவாரணப் பட்டியலில் பேர் ஏறும். வருகிற தொகை போதாது, அதற்கும் பல தடவை ரோட்டில் உட்கார வேண்டியிருக்கும். ஆனாலும் இன்னாருக்கு இத்தனை மா நிலத்தில் இவ்வளவு போச்சு என்று ஒரு காகிதமாவது இருக்கும்.

பதினாலு மாதமாக என் கடை முன்னால் தகரத் தடுப்பு நிற்கிறது. ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டுகிறார்கள். இங்கே எவ்வளவு போச்சு என்று பார்க்க ஒருத்தரும் வரவில்லை.

பாலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் கேட்டில் மாட்டி அலறிக்கொண்டு நின்றதை இதே வாசலிலிருந்து பார்த்தவன் நான். பாலம் வரட்டும்.

என்னுடையது பாத்திரக்கடை. கல்யாணச் சீர் எடுக்க வருகிறவர்களால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து, குத்துவிளக்கை எடை போடச் சொல்லி, அண்டாவைத் தட்டிப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வண்டி நிற்க இப்போது இடம் இல்லை. தகரத்துக்கும் என் படிக்கும் நடுவில் நாலடிச் சந்துதான். முந்தின தையில் பத்தொன்பது சீர் போனது. போன தையில் மூன்று. காலையில் என் மனைவி பனியன் துணியால் குடங்களைத் துடைத்து அடுக்குகிறாள். பதினோரு மணிக்குக் குடத்தின் கழுத்தில் விரல் வைத்தால் சிமெண்ட் தூசி மாவு மாதிரி ஒட்டுகிறது.

பக்கத்தில் இட்லிக்கடை அக்கா. எட்டுப் படி அரிசி ஊறப்போட்டவர், இன்று மூன்று படி. தண்டல் கடனுக்குத் தினமும் கட்டுவது மட்டும் அதே தொகை. எனக்கு வங்கிக் கடன். 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அரையாண்டுச் சொத்து வரியும், கரண்டுக்கு நிலைக் கட்டணமும் வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் உண்டு.

மனு எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா இதுக்கு எந்த ஹெட்ல பணம் குடுக்கிறது?" என்றார். ஹெட் என்றால் அரசு செலவை எழுதுகிற கணக்குத் தலைப்பு.

அந்தக் கேள்வி அன்றிலிருந்து மனதில் அறுத்துக்கொண்டே இருக்கிறது. 2013-ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் நிலத்துக்காரருக்கு மட்டுமல்ல, அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைக்காரருக்கும் இடம் உண்டு. ஆனால் நிலத்தை எடுத்தால்தான். என்னிடம் ஒரு அடிகூட எடுக்கவில்லை, அதனால் நான் பாதிக்கப்பட்டவனே இல்லை. பாலம் போடும்போது மின்கம்பத்தை நகர்த்த, குடிநீர்க் குழாயை மாற்ற என்று மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்குகிறார்கள். கம்பத்துக்கு ஒரு ஹெட் இருக்கிறது. அந்தக் கம்பத்தடியில் இட்லி அவிப்பவருக்கு ஏன் இல்லை?

"பாலம் முடிஞ்சா வியாபாரம் பிச்சுக்கும்" என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பஸ்ஸும் காரும் மேலே போய்விடும். கீழே சர்வீஸ் ரோட்டில் யார் இறங்கி வருவார்? அப்படியே இடத்தின் மதிப்பு ஏறினாலும் வாடகைக்கு இருப்பவருக்கு ஏறுவது வாடகைதான்.

கடைக்காரருக்கு ஈடு கொடுப்பது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸில் மெட்ரோ ரயில் வேலை நடந்தபோது, 2014-இல் இதற்கென்றே ஒரு நிதி வைத்தார்கள். 25 பேர் வரை வேலை பார்க்கும் சிறு கடைகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை. கடனாக இல்லை, உதவித்தொகையாக. அவ்வளவு பெரிய தொகையை நான் கேட்கவில்லை. வேலை நடக்கிற மாதங்களுக்குச் சொத்து வரியும் நிலைக் கட்டணமும் தள்ளுபடி, கடன் தவணைக்கு அவகாசம், வாடகைக்குக் கை கொடுக்கிற மாதிரி ஒரு தொகை. இதைத் தகரம் அடிப்பதற்கு முன்பே மதிப்பீட்டில் எழுதட்டும். சேதத்தைக் கணக்கெடுப்பதும் கஷ்டமில்லை. என்னிடம் ஜி.எஸ்.டி. கணக்கு இருக்கிறது. அக்காவின் இட்லிப்பானைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. இரண்டு வருஷத்து வரவும் அவர் போனிலேயே இருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு எல்லாரும் சேர்ந்து போகிறோம். கேட்டுத் தெருக் கடைக்காரர்கள் போன வருஷக் கணக்கையும் இந்த வருஷக் கணக்கையும் எடுத்து வாருங்கள். போனில் ஸ்டேட்மெண்ட் எடுக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன். தகரத்தின் வடக்கு முனையில் நுழைந்தால் மூன்றாவது கடை.