அந்த மஞ்சள் பூவை வெட்டாதீர்கள்

நேற்றுப் பின்னேரம் வேலையால் வந்து காரை விட்டு இறங்கினால், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற, கோல்டன்ரொட் என்ற மஞ்சள் பூப் பற்றையில் 4 மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அந்த நேரம் நடைபாதையால் போன ஓர் ஐயா, எங்கட ஆள்தான், நின்று சொன்னார்: "தம்பி, உது காட்டுப்புல்லு. உதாலதான் எல்லாருக்கும் தும்மல். வெட்டி எறியுங்கோ."

இந்தப் பதிவை எழுத வைத்தது அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கின நேரம் நானும் அதைத்தான் நம்பினேன்.

முதலில் அந்தத் தும்மல் கதையை முடித்துவிடுகிறேன். ஓகஸ்ட், செப்டெம்பரில் மூக்கால் தண்ணி ஓடவைப்பது ரக்வீட் என்கிற வேறொரு செடி. அதன் பூ பச்சை நிறம், கண்ணில் படாது. தன் மகரந்தத்தை அது காற்றில் விடுகிறது, அதனால் அது எங்கள் மூக்குவரை வருகிறது. கோல்டன்ரொட்டின் மகரந்தம் பாரமானது, ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது. பூச்சி வந்து தூக்கிக்கொண்டு போனால்தான் அது அசையும். இரண்டும் ஒரே காலத்தில் பூப்பதால், பளிச்சென்று தெரிகிறவன்மேல் பழி விழுந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ரொறொன்ரோவில் பூந்தோட்டம் என்றால் எல்லோரும் மே மாதம் கடைக்கு ஓடுகிறோம். ஜூன், ஜூலையில் தெருவெல்லாம் பூ. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு ஒவ்வொன்றாக வாடிப்போக, நாங்களும் தோட்டத்தை மறந்துவிடுகிறோம். பூச்சிகளுக்கோ அதுதான் மிகவும் பசிக்கிற காலம்.

பம்பிள் தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர்காலத்தோடு அதன் கூடு முழுவதும் செத்துப்போகும். பழைய ராணியும் போய்விடும், வேலைக்காரத் தேனீக்களும் போய்விடும். அந்த வருடம் பிறந்து இணைசேர்ந்த புது ராணிகள் மட்டும் மண்ணுக்குள் புகுந்து குளிர்காலத்தைக் கழிக்கும். புகுவதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றவேண்டும். ஓகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்ரோபர் உறைபனி வரைக்கும் பூ இல்லை என்றால் அடுத்த வருடக் கூடே இல்லை. தென் ஒன்ராறியோவில் ஒரு காலத்தில் சாதாரணமாகப் பறந்து திரிந்த ரஸ்டி பட்ச்ட் என்ற பம்பிள் தேனீயை இங்கே கடைசியாகக் கண்டது 2009இல், பினரி பூங்காவில்.

இது எங்கள் சாப்பாட்டு விஷயமும்தான். அம்மா பின்வளவில் கத்தரி, மிளகாய், பாகல், பூசணி எல்லாம் வைப்பா. கத்தரிப்பூவின் மகரந்தம் சின்னக் குழாய்க்குள் அடைத்து வைத்ததுபோல இருக்கும், நுனியில் மட்டும் ஒரு சிறு ஓட்டை. பம்பிள் தேனீ அந்தப் பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை விரிக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். உப்புப்போத்தலைக் கவிழ்த்துக் குலுக்கியதுபோல மகரந்தம் கொட்டும். அந்த நேரம் வரும் சத்தம் சாதாரண ரீங்காரம் இல்லை, அதைவிட உச்சமாக இருக்கும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. அது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த தேனீ. ரொறொன்ரோவுக்குள் மட்டும் 360 இனங்களுக்கு மேல் தேனீக்கள் உண்டு, பெரும்பாலானவை இந்த மண்ணின் தேனீக்கள். "தேனீயைக் காப்பாற்றப் பெட்டி வாங்கப்போகிறேன்" என்று சொல்கிற நண்பர்களிடம் நான் சொல்வது, பெட்டி வேண்டாம், பூ வையுங்கள் என்றுதான்.

பூசணி விஷயம் இன்னும் அழகு. பூசணிக்கென்றே ஒரு காட்டுத்தேனீ இருக்கிறது, மண்ணுக்குள் கூடு கட்டும். விடியக் காலமை பூ விரிகிற நேரமே வேலையைத் தொடங்கிவிடும். மத்தியானம் பூ சுருங்கும்போது ஆண் தேனீக்கள் அதற்குள்ளேயே படுத்துத் தூங்கும். ஒருநாள் சுருங்கின பூவை அம்மா பிரித்துப் பார்க்க, உள்ளே இரண்டு பேர் நல்ல நித்திரை. அதற்குப் பிறகு அம்மா பின்னேரத்தில் பூசணிப்பூவைத் தொடுவதில்லை.

மொனார்க்கின் கதை ஸ்காபரோவுக்கும் சொந்தமானது. இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லுகிறார்களோ தெரியாது. இவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று பல பத்தாண்டுகளாகத் தேடியவர் பிரெட் அர்கட், ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் எங்கட ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் மனைவி நோராவும் சிறகில் சின்ன அடையாளச் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள், கண்டம் முழுவதும் தொண்டர்களைச் சேர்த்தார்கள். 1975இல் மெக்சிக்கோ மலைக்காட்டில், மரமெல்லாம் செம்மஞ்சளாக மூடியபடி இலட்சக்கணக்கில் தொங்கிய அந்த இடத்தை அவர்களுக்காகத் தேடிய இருவர் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் அர்கட் தானே அங்கே போனபோது, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒட்டிய சீட்டோடு ஒரு வண்ணத்துப்பூச்சி அவருக்குக் கிடைத்தது. அந்த மலை ஊர்ச் சனங்களுக்கு இது எப்போதோ தெரிந்த விஷயம். நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்களில் அவை வந்து சேர்வதால், இறந்துபோன சொந்தங்கள் வருவதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். நாங்கள் காகத்துக்குச் சோறு வைக்கிற ஆட்கள், எங்களுக்கு அது உடனே விளங்கும்.

கோடையில் பிறக்கிற மொனார்க் சில கிழமைகள்தான் வாழும். இப்போது, செப்டெம்பரில், என் வாசலில் நிற்பவை முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, 8 மாதம்வரை உயிரோடிருந்து 3000 கிலோமீற்றருக்கு மேல் பறக்கப்போகிறவை. அந்தப் பயணத்துக்கு வழிநெடுகப் பூ வேண்டும். அவற்றின் புழுவுக்கு மில்க்வீட் இலையைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. அந்த இலையைக் கிள்ளினால் பால் வரும். எங்கட ஊர் எருக்கின் குடும்பம்தான் அதுவும். ஊரில் எருக்கில் வருகிற அந்தச் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மொனார்க்கின் நெருங்கிய சொந்தம். ஒன்ராறியோவில் மில்க்வீட் 2014வரை தீங்கான களைகளின் பட்டியலில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். பட்டியல் மாறினாலும் பலருடைய மனம் இன்னும் மாறவில்லை.

செப்டெம்பரில் கடை வாசல்களில் சட்டி சட்டியாகக் குவிகிற செவ்வந்தி பற்றியும் சொல்லவேண்டும். பார்க்க வடிவு. ஆனால் இதழுக்குமேல் இதழ் அடுக்கி வளர்த்த பூவில் பூச்சிக்கு மகரந்தமோ தேனோ அகப்படுவது குறைவு. அதே காசுக்கு ஒரு நியூ இங்கிலாந்து ஆஸ்டர் வாங்கலாம். ஊதாப்பூ, நடுவில் மஞ்சள், ஒக்ரோபர்வரை பூக்கும். வாங்கும்போது பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். கூடவே கோல்டன்ரொட், ஜோ பை என்ற இளஞ்சிவப்புப் பூச்செடி, வெட்டாமல் பூக்க விட்ட துளசி, ஒற்றை அடுக்குச் சூரியகாந்தி. ஒவ்வொன்றாகச் சிதறி நடாமல் ஒரே செடியில் நாலைந்தைச் சேர்த்து, நல்ல வெயிலில் வையுங்கள். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணியும் வைத்தால் போதும்.

நான் விட்ட பிழையையும் எழுதுகிறேன். இந்த வீட்டில் முதல் இலையுதிர்காலம், ஆட்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அடியோடு வெட்டச் சொன்னேன். 14 கடதாசிப் பைகள். கடைசிப் பையை மடிக்கும்போது ஒரு சதகுப்பைத் தண்டில் காய்ந்த இலைபோல ஏதோ ஒன்று, இடுப்பில் மெல்லிய நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்து, தெரிந்தவர் ஒருவருக்கு அனுப்பினேன். கறுப்பு ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சியின் கூடு, பனிக்காலம் முழுக்க அப்படியே இருந்து வசந்தத்தில் வெளியே வரும் என்றார். மற்ற 13 பைகளையும் அதற்குள் லொறி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்தத் தண்டை மட்டும் கராஜுக்கு வெளியே சாய்த்து வைத்தேன். மே கடைசியில் பார்த்தால் வெறும் கோது. வெளியே வந்ததைக் காணக் கொடுத்துவைக்கவில்லை, ஆனால் அன்றைக்கு முழுவதும் சந்தோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒக்ரோபரில் நான் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. காய்ந்த தண்டும் கொட்டிய இலையும் வசந்தம்வரை கிடக்கும். "உந்தக் குப்பையை எப்ப அள்ளப்போறாய்?" என்று அம்மா கேட்பா. மே வரட்டும் அம்மா என்பேன். பூசணிப்பூவுக்குள் தூங்கினவர்களைக் கண்டபிறகு அவவும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

சரி, மே மாதம் ஆஸ்டர் வேரைப் பிரிப்பேன். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் இருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், மண்ணோடு ஒரு பை தருகிறேன். நட்ட வருடம் பெரிதாகப் பூக்காது. அதைப் பார்த்துப் பிடுங்கிவிடாமல் அடுத்த செப்டெம்பர்வரை விட்டுவையுங்கள்.