தண்ணீர் கலக்காத கூலன்ட் உறையாதா?

“அலாஸ்கா, கனடாவின் யூகோன் மாதிரி கடுங்குளிர்ப் பகுதிகளில் பழைய லேண்ட் குரூசரோ லேண்ட் ரோவரோ வைத்திருந்தால், ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காதே, கூலன்ட்டை (என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) அப்படியே ஊற்று” என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு.

அடர் கூலன்ட்டில், அதாவது தண்ணீர் கலக்காமல் விற்கும் கூலன்ட்டில், இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்ற வேதித் திரவம். தனியாக இருந்தால் அது மைனஸ் 13 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் சுமார் மைனஸ் 37 வரை தாங்கும். 60 பங்கு கூலன்ட், 40 பங்கு தண்ணீர் என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டும். இரண்டும் கலந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றைப் படிகமாக அடுக்க விடாது, அவ்வளவுதான். மைனஸ் 40-ஐப் பார்க்கும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் இந்த 60-40 கலவைதான் சரி. வெப்பத்தைச் சுமப்பதிலும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். வெறும் கிளைக்கால் குளிரில் கெட்டியாகி பம்ப்பையும் திணறடிக்கும்.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கல். கூலன்ட் மாற்றும்போது உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு, அதை வடிக்க ரேடியேட்டரின் வடிகால் குழாயை மட்டும் திறந்தால் போதாது. என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் வடிகால் திருகையும் கழற்ற வேண்டும். அப்போதும் ஹீட்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கி, கலவையின் விகிதத்தை மாற்றிவிடும். அதனால் மொத்தக் கொள்ளளவில் 60 சதவீத அளவு அடர் கூலன்ட்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதியைக் காய்ச்சி வடித்த தண்ணீரால் நிரப்புங்கள். ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கேனா என்று லேபிளையும் பாருங்கள்; அப்படியென்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்புறம், சிந்தியதை உடனே துடையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அதற்கு அது விஷம்.